மணி வைத்த ரீல்

சிங்காநல்லூர்ப் பக்கம் வந்து நஞ்சுண்டன் வீடு எது என்று கேட்டால், எந்த நஞ்சுண்டன் என்று திருப்பிக் கேட்பார்கள். ரீல் நஞ்சுண்டன் என்றால் போதும், வாசல்வரைக்கும் கூட்டிக்கொண்டு வந்து விட்டுவிட்டுச் சிரித்துக்கொண்டே போவார்கள். அந்தப் பட்டத்துக்குக் காரணம் இரண்டு. அவர் நூல் மில்லில் ரீலிங் டிபார்ட்மெண்டில் மேஸ்திரியாக இருந்து ஓய்வு பெற்றவர். அது ஒன்று. வாயைத் திறந்தால் அவரிடமிருந்து வருவது இன்னொன்று.

வால்பாறை மலைப்பாதையில் ஒரு யானை அவரை நிறுத்தி வழி கேட்டதாம். இவர் கையைக் காட்டினாராம். யானை வழி கேட்டதைக்கூட டீக்கடையில் பொறுத்துக்கொண்டார்கள். கேட்டுவிட்டுப் போகும்போது அது "சரிங்க, போயிட்டு வாரேனுங்க" என்று சொன்னதாக இவர் சொன்னபோதுதான் ஒருவருக்குப் புரையேறி, டீ மூக்கு வழியாக வந்தது. கொங்குநாட்டு யானை மரியாதை இல்லாமலா பேசும் என்று நஞ்சுண்டன் கடைசிவரை விட்டுக்கொடுக்கவில்லை.

அவருடைய மனைவி குழந்தையம்மாள் உயிரோடு இருந்தவரையில் இந்தக் கதைகளுக்கெல்லாம் ஓர் இடம் இருந்தது. அடுப்படியில் வெங்காயம் உரித்துக்கொண்டே "ம்" என்பாள். நம்பினாளா என்றால், ஒரு சொல்லைக்கூட நம்பியதில்லை. ஆனாலும் சரியான இடத்தில் "ம்" வரும். யானை வழி கேட்ட இடத்தில் சின்ன "ம்". யானை "சரிங்க" என்ற இடத்தில் நீளமான "ம்ம்". அந்த "ம்" இருந்தால் மனிதன் எத்தனை தூரமும் போய்விட்டு வருவான்.

குழந்தையம்மாள் போய்ச் சேர்ந்தாள். மகள் லோகப்பிரியா கல்யாணம் முடிந்து மாப்பிள்ளையோடு மஸ்கட்டுக்குப் போனாள். வீட்டில் பேச்சு நின்றது. தொலைக்காட்சியில் செய்தி வாசிக்கிற பெண் இவர் முகத்தைப் பார்த்துத்தான் பேசினாள். ஆனால் இவர் பதிலுக்குப் பேச ஆரம்பித்தால் நிறுத்தமாட்டாள். காலையில் பெருக்கிக் கூட்டி, ஒரு குழம்பு வைத்துவிட்டுப் போகிற பாப்பாயி காதைத் தருவாள், வாயை அடக்கமாட்டாள்.

"ஏனுங்க, ஆனைக்கு வழி சொன்னீங்களே, எனக்கு ரேசன் கடையில சக்கரை எப்ப வருமுன்னு சொல்லுங்க பாக்கலாம்" என்பாள். அதற்குமேல் ஒருவர் எப்படிக் கதை சொல்வது?

மிச்சமிருந்தது ஞாயிற்றுக்கிழமை ஒன்றுதான். அன்று காலையில் தூத்துக்குடிக்கும் கோயமுத்தூருக்கும் நடுவே ஒரு போன் பேச்சு நடக்கும். அந்தப் பக்கம் இருப்பவர் தம்பிதுரை, மாப்பிள்ளையின் அப்பா. சென்னிமலைக்காரர்தான், துறைமுகத்தில் கிரேன் வேலை கிடைத்துச் சின்ன வயதிலேயே தூத்துக்குடிக்குப் போய், ஓய்வு பெற்றும் அங்கேயே இருந்துவிட்டார். அவர் வீட்டம்மா இறந்து சில வருடங்கள். பையன் மஸ்கட்டில். ஆக, பிள்ளைகளைச் சேர்த்து அனுப்பிவிட்டு, இரண்டு சம்பந்திகளும் ஆளுக்கொரு ஊரில் ஆளுக்கொரு வீட்டைப் பூட்டித் திறந்துகொண்டிருந்தார்கள்.

ஆரம்பத்தில் அந்தப் பேச்சுக்கு ஆயுசு கம்மி.

"லோகா போன் பண்ணுச்சுங்களா சம்பந்தி?"

"பண்ணுச்சுங்க. பேரனுக்குச் சளி தேவலையாமா."

"தேவலையாமுங்க."

"அப்பறமுங்க?"

"அப்பறம் நீங்கதான் சொல்லோணும்."

இரண்டு பேருக்கும் சொல்ல ஒன்றும் இருக்காது. கம்பியில் இரைச்சல் மட்டும் கேட்கும். வைத்துவிடலாம் என்று சொல்ல இருவருக்குமே மனசு வராது. அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் தம்பிதுரை, பொழுது போகாமல் தினமும் சாயங்காலப் பொழுதோடு கடற்கரைக்குப் போய்த் தூண்டில் போடுவதாகச் சொன்னார்.

"அட, நானும் புடிப்பேனுங்களே" என்றார் நஞ்சுண்டன்.

மீனை அவர் குழம்பில் தவிர வேறெங்கும் பிடித்ததில்லை. ஆனால் பேச்சு அறுந்துவிடக் கூடாதே.

"அப்படீங்களா? எந்த ரீலுங்க போடறீங்க? ஸ்பின்னிங் ரீலுங்களா?"

ஆயுசெல்லாம் ஸ்பின்னிங் மில்லில் ரீல் பக்கம் நின்ற மனிதர் இதற்கு இல்லை என்றா சொல்வார்? "அதேதானுங்க" என்றார்.

"எப்படி இருக்குமுங்க உங்களுது?"

நஞ்சுண்டனுக்குத் தெரிந்த ரீல் ஒன்றுதான். மில்லில் நூலைச் சிட்டமாக, வளையக் கட்டாகச் சுற்றுகிற ரீல். சுற்று எண்பது வந்தால் மேலே ஒரு பித்தளை மணி அடிக்கும். உடனே பெண்கள் கையை நிறுத்தி, முடிச்சுப் போட்டு, சிட்டத்தைக் கழற்றுவார்கள். அதைத்தான் சொன்னார்.

"என்ற ரீலு மணி அடிக்குமுங்க."

 அந்தப் பக்கத்திலிருந்து, கடல் காற்றில் நனைந்த மாதிரி ஒரு குரல் வந்தது.

"ம்."

நஞ்சுண்டன் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். குழந்தையம்மாளுக்குப் பிறகு அவர் கேட்ட முதல் "ம்" அது. அவ்வளவுதான், ஆள் கெட்டார். அடுத்தடுத்த ஞாயிறுகளில் ஆழியாறு அணையில் கன்றுக்குட்டி அளவில் ஒரு கட்லா மாட்டியது. அது இவரைத் தண்ணீருக்குள் இழுத்துப் போய், அணையின் அடியில் இருக்கிற பழைய ஊரைச் சுற்றிக் காட்டிவிட்டுக் கொண்டுவந்து விட்டது. ஒவ்வொரு தடவையும் மீன் கடித்தது. ஒவ்வொரு தடவையும் மணி அடித்தது. தம்பிதுரை ஒவ்வொன்றுக்கும் "ம்" போட்டார். சரியான இடத்தில் போட்டார்.

மார்கழி மாதம் தம்பிதுரை தாமே கூப்பிட்டார். குரலில் பழைய உப்பு இல்லை.

"சம்பந்தி, ஒரு ஒத்தாசைங்க. எனக்குக் கண்ணு மங்கிட்டு வருதுங்க. சொட்டு மருந்து ஊத்திட்டுத்தான் இருக்கறேன். இதுக்குமேல தெளியாதுன்னு டாக்டரு சொல்லிப்போட்டாரு. பொழுதெறங்குனா கம்பு நுனி தெரியறதில்லீங்க. மீனு கடிக்கறது தெரியாம மரம் மாதிரி உக்காந்திருக்கறேன். அது பாட்டுக்கு இறாலைத் தின்னுபோட்டுப் போயிருது."

"அடடா" என்றார் நஞ்சுண்டன்.

"என்ற பழைய ரீலும் உப்புல அரிச்சுப்போச்சுங்க. உங்களுது மணி அடிக்குமின்னீங்களே. அதே மாதிரி ஸ்பின்னிங் ரீலு ஒண்ணு, வெலை கொஞ்சம் அடக்கமாப் பாத்து வாங்கிட்டு, தைப்பூசத்துக்கு இங்க வந்துருங்க. கண்ணுக்குத் தெரியலீன்னாலும் காதுல கேக்குமல்லங்க. அது கெடைக்கலீன்னா இந்தத் தூண்டிலை மடக்கிப் பரண்ல போட்டர்றேன். எதுக்குங்க, அந்த இருட்டுக்குள்ள சும்மா போய் உக்காந்துட்டு?"

நஞ்சுண்டன் போனை வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார். தூண்டில் பரணுக்குப் போனால் மீன் பேச்சு போகும். மீன் பேச்சு போனால், பேரனுக்குச் சளி தேவலையா என்பதோடு ஞாயிற்றுக்கிழமை முடிந்துவிடும். அந்த "ம்" போய்விடும். உலகத்தில் இல்லாத ஒரு ரீலை இவர் வாயால் செய்திருந்தார். இப்போது அதைக் கையில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.

"டவுனுக்குப் போறேன், ஒரு ரீலு வாங்கோணும்" என்று பாப்பாயியிடம் சொன்னார்.

பாப்பாயி துடைப்பத்தை ஊன்றி நின்றாள். "உங்ககிட்ட இல்லாத ரீலாங்க? எனக்கு ரெண்டு குடுங்க, நாங்கொண்டுபோய் வித்துக்கறேன்."

டவுனில் அவர் முதலில் நுழைந்த கடையில் "உப்புத் தண்ணி தாங்கற மாதிரி ஸ்பின்னிங் ரீலு வேணுமுங்க" என்றார். வேறு எந்த ஊரிலும் அந்தக் கடைக்காரர் முழித்திருப்பார். கோயமுத்தூரில் முழிப்பாரா? ஸ்பின்னிங் என்றால் இங்கே ஒரே அர்த்தம்தான். மில் சாமான் விற்கிற தெருவுக்கு வழி சொல்லி அனுப்பிவிட்டார்.

அங்கே ஒரு கடையில், மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றியிருந்த முதலாளி இவரை மரியாதையாக உட்காரவைத்தார்.

"எந்த மில்லுங்க? எத்தனை ஸ்பிண்டிலு ஓடுது?"

"மில்லு இல்லீங்க. இது கடலுக்கு."

முதலாளி யோசித்தார். "கடல்ல மில்லு போடறாங்களா?"

"தூத்துக்குடிங்க."

"தூத்துக்குடிலயா? காத்துல உப்புங்க. நூலு பிசுபிசுன்னு ஒட்டுமே. யாருங்க போடறது, நம்ம ஆளுகளா?"

"சம்பந்திங்க. பொழுதோட ஒரு மணி நேரம்தான் போடுவாரு."

"ஒரு மணி நேரம் மில்லு ஓட்டி என்னங்க கட்டும்?"

"கட்டறதுக்கெங்க, பொழுது போகோணுமல்லங்க. எப்பவாச்சும் ஒண்ணு ரெண்டு பாறை மீனு கெடைக்குமாமா."

முதலாளி கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி இவரைப் பார்த்தார். பிறகு அழுகிற மாதிரி சிரித்தார். "மீனுக்குன்னு முதல்லயே சொல்லக் கூடாதுங்களா? தூண்டில் சாமான் விக்கறது அப்துல் குத்தூஸ் பாய். ஒப்பணக்கார வீதிக்குப் பின்னால சந்துல, கேரம் போர்டெல்லாம் தொங்கும் பாருங்க, அந்தக் கடை."

நஞ்சுண்டன் எழுந்தார். எழுந்தவர் நின்றுவிட்டார். கடை மூலையில் பழைய மில் ஒன்றிலிருந்து பிரித்துக் கொண்டுவந்த ரீல் ஒன்று கிடந்தது. அதன் தலையில் அந்த மணி. சின்னதாக, பித்தளையில், சுற்றை எண்ணுகிற பல்சக்கரத்தோடு. விரலால் சக்கரத்தைத் தள்ளினார்.

டிங்.

அந்தச் சத்தத்தில் ஒரு டிபார்ட்மெண்டே எழுந்து நின்றது: பஞ்சுத் தூசி, வளையல் சத்தம், எல்லோரும் ஒரே நேரத்தில் பேசுகிற பேச்சு. "இந்த மணியை மட்டும் கழட்டிக் குடுங்க" என்றார். பழைய இரும்பு கணக்கில் முதலாளி கொடுத்தார். ஆக, ரீல் வாங்கப் போனவர் முதலில் வாங்கியது மணியை.

அப்துல் குத்தூஸ் கடையில் சுவரே தெரியவில்லை. பந்து வலை, பூப்பந்து மட்டை, கேரம் போர்டு. ஒரு கண்ணாடிப் பெட்டியில் தூண்டில் சாமான்கள். எஸ்டேட்காரர்கள்தான் வழக்கமான வாடிக்கை. குத்தூஸ் தாமும் மாதம் ஒரு தடவை மச்சினனோடு பொன்னானிக்குப் போய்க் கடலில் தூண்டில் போடுகிறவர்.

"வாங்ணா. ஆத்துக்கா, அணைக்கா?"

"கடலுக்குங்க பாய். தூத்துக்குடில சம்பந்திக்கு, கண்ணு மங்கலுங்க. வெலை அடக்கமா இருக்கோணும். மணி வெச்சதா இருக்கோணும்."

"மணியா?" குத்தூஸ் காதைத் தேய்த்துக்கொண்டார். "மணி ஐஸ் வண்டியிலதாங்ணா இருக்கும். ரீல்ல ஏதுங்ணா?"

"நான் பாத்திருக்கறேன்."

"எங்க?"

நஞ்சுண்டன் கண்ணாடிப் பெட்டியைப் பார்த்தார். குத்தூஸ் மூன்று ரீல்களை எடுத்துத் துணியில் வைத்தார். ஒன்று தங்கக் கலரில் மின்னியது. நஞ்சுண்டனின் கை நேராக அதற்குப் போயிற்று.

"கல்யாணத்துக்குப் போட்டுட்டுப் போறதுக்கு நல்லாருக்கும்" என்றார் குத்தூஸ். "பாருங்ணா, பத்து பேரிங்குன்னு பெருசா எழுதியிருக்கான். ஆத்துக்கு சரி. உப்புத் தண்ணிக்கு, பத்து பேரிங்குன்னா துருப்பிடிக்க பத்து எடம். அவ்வளவுதான்."

இரண்டாவது, விலையில் எல்லாவற்றையும்விட இறங்கியது. குத்தூஸ் அதன் கைப்பிடியை ஆட்டிக் காட்டினார். விழப்போகிற பல் மாதிரி ஆடியது. நூலைத் தாங்கித் திருப்புகிற கம்பி வளையம் தானாக மூடாமல் பாதியில் நின்றது. "இது ரெண்டு தடவை கடலைப் பாக்கும். மூணாவது தடவை கடல் இதைப் பாக்கும்."

மூன்றாவது கறுப்பு. அழகு என்று சொல்ல ஒன்றுமில்லை. அடுப்பில் கிடந்த சட்டி மாதிரி இருந்தது.

"இதை எடுத்துக்குங்ணா. உடம்பு இரும்பு இல்ல, உப்பு இதைத் தின்னாது. நூல் சுத்தற உருளை அலுமினியம். பேரிங்கு கம்மிதான், ஆனா துருப்பிடிக்காத எவர்சில்வரு. வளையம் பாருங்க, டக்குன்னு மூடுது. ஊட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணியைத் தெளிச்சுத் தொடச்சு, ஒரு சொட்டு தையல் மிஷின் எண்ணெய் விட்டா, உங்க சம்பந்தி பேரன் கல்யாணம் வரைக்கும் இருக்கும்." பிறகு முன்பக்கத்துத் திருகைத் தொட்டார். "உசிரு இதுல இருக்கு. மீன் இழுத்தா உருளை வழுக்கி நூலை விட்டுக் குடுக்கணும். ரொம்ப இறுக்குனா தங்கூஸ் நூலு அறுந்துரும். ரொம்ப விட்டா மீனு இராமேஸ்வரம் போயிரும். ஊட்டுல போய் தங்கூஸ் ஏத்திட்டு, அந்தக் கடைசியில யாரையாச்சும் புடிச்சு இழுக்கச் சொல்லிப் பாருங்ணா. ஒருத்தரு இழுத்துப் பாக்காம மட்டும் கொண்டுபோகாதீங்க."

"சரிங்க பாய்."

"அப்பறம், மணி மணிங்கறீங்களே..." குத்தூஸ் ஓர் இழுப்பறையிலிருந்து சின்னக் காகித அட்டையை எடுத்தார். ஒட்டியிருந்த பிளாஸ்டிக் உறைக்குள், கவ்வியோடு, புளியங்கொட்டை அளவில் இரட்டை மணி. "இதைக் கம்பு நுனில கவ்வ உட்டுருங்க. மீன் கடிச்சா ஆடும், அடிக்கும். கண்ணு தெரியாதவங்களுக்கு நல்ல..."

"வேண்டாமுங்க. மணி ரீல்லதான் இருக்கோணும்."

"கம்புல இருந்தா என்னங்ணா?"

என்னவா? ஒரு வருடமாக ரீலில் மணி அடித்திருக்கிறது. கட்லா கடித்தபோது அடித்திருக்கிறது, அணைக்கடியில் இருந்த பழைய ஊரில் அடித்திருக்கிறது. இப்போது கம்பு நுனியில் கொண்டுபோய் மாட்டினால், ஒரே நிமிடத்தில் எல்லா ஞாயிற்றுக்கிழமைகளும் பொய்யாகிவிடும். நஞ்சுண்டன் கறுப்பு ரீலையும் தங்கூஸ் கட்டையும் மட்டும் வாங்கிக்கொண்டு பஸ் ஏறினார்.

மில் வேலை செய்த கைகளுக்கு மணியைப் பொருத்துவது பெரிய காரியமாக இல்லை. அரத்தால் பல்லைக் குறைத்து, ஒரு தகட்டை வளைத்து, கைப்பிடித் தண்டோடு மணியின் சக்கரத்தைக் கோத்தார். கைப்பிடியைச் சுற்றினார்.

டிங்.

சோற்றுத் தட்டை அப்படியே வைத்துவிட்டு மறுபடி சுற்றினார். டிங். வீடு முழுக்க டிங். பல்லி ஒன்று பயந்து படத்துக்குப் பின்னால் போயிற்று. அந்தப் படத்தில் குழந்தையம்மாள் ஒன்றும் சொல்லவில்லை.

பிறகு பாய் சொன்னது ஞாபகம் வந்தது. அந்தக் கடைசியில் ஒருவர் பிடித்து இழுக்க வேண்டும். தங்கூஸின் முனையைக் கையில் பிடித்துக்கொண்டு நஞ்சுண்டன் வீட்டுக்குள் நின்றார். யார் இழுப்பது? பாப்பாயி காலையில் வருவாள். அவளிடம் கொடுத்தால் இன்னும் ஒரு வருடத்துக்குத் தெருவில் பேச்சு ஓடும். எதிர்வீட்டில் எப்போதும் கதவு சாத்தியிருக்கும். ஒரு நூலின் கடைசியைப் பிடித்துக்கொள்ளுங்கள் என்று கேட்க ஊரில் ஓர் ஆள் தேறவில்லை. கொல்லைப்புறத்துத் தென்னைமரத்தில் முனையைக் கட்டினார். பின்னோக்கி நடந்துபோய், கைப்பிடியைச் சுற்றினார். தங்கூஸ் விறைத்தது, மணி அடித்தது. மரம் நல்ல மரம், ஆனால் இழுக்கவில்லை. மரத்துக்கு அந்தப் பழக்கம் இல்லை.

"சரியா இருக்குது" என்று தென்னையிடம் சொன்னார்.

பூசத்துக்கு இரண்டு நாள் முன்பே தூத்துக்குடியில் இறங்கினார். பஸ் நிலையத்தில் தம்பிதுரை காத்திருந்தார். மெலிந்திருந்தார். இவர் எதிரில் வந்து நின்றும், குரல் கேட்ட பிறகுதான் முகம் மலர்ந்தது.

"ஒறம்பரை வந்தாச்சு. ரீலு வந்துச்சுங்களா?"

"வந்துருச்சுங்க."

"மணி?"

நஞ்சுண்டன் பைக்குள் கையை விட்டுக் கைப்பிடியைச் சுற்றினார். பஸ் நிலையத்து இரைச்சலில் டிங் என்றது. தம்பிதுரை தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, காது குளிரக் கேட்டார்.

அன்று பொழுதோடு இருவரும் பழைய துறைமுகத்துப் பக்கம் கடலுக்குள் நீண்டு கிடந்த கருங்கல் வரிசைக்குப் போனார்கள். நஞ்சுண்டனுக்குக் கடல் என்பது அவ்வளவு பெரிதாக இருக்கும் என்று தெரியாது. தான் சொன்ன கதைகளில் ஒன்றுகூட அதன் அளவுக்கு வராது என்று தோன்றியது. தம்பிதுரை கம்பில் ரீலை மாட்டி, இறாலைக் கோத்து, கண்ணை மூடிக்கொண்டு வீசுகிறவர் மாதிரி வீசினார். தங்கூஸ் விசிலடித்துக்கொண்டு போய் விழுந்தது. தொய்வை எடுக்கக் கைப்பிடியைச் சுற்றினார்.

டிங்.

"அடிக்குதுங்க சம்பந்தி."

"அடிக்கோணுமல்லங்க."

உட்கார்ந்தார்கள். கம்பைக் கல் இடுக்கில் நட்டுவிட்டு, தம்பிதுரை கைகளை மடியில் போட்டுக்கொண்டார். காதை மட்டும் ரீல் பக்கம் வைத்திருந்தார். சூரியன் போயிற்று. தண்ணீரின் நிறம் ஈயமாகிக் கறுப்பாகிக்கொண்டு வந்தது.

அப்போது கம்பு நுனி அசைந்தது. ஒரு தரம் தலையாட்டி, பிறகு பலமாகக் குனிந்தது. மீன். ரீலின் உருளை வழுக்கி வழுக்கி நூலை விட்டது, பாய் சொன்ன மாதிரியே. கைப்பிடி அசையவில்லை. மணி அடிக்கவில்லை.

நஞ்சுண்டனுக்கு அப்போதுதான் உறைத்தது. அந்த மணி, சுற்றுகிறவன் சுற்றினால் அடிக்கிற மணி. மில்லில் அதற்கு அதுதான் வேலை. அந்தக் கடைசியில் யார் வந்து இழுத்தாலும் அதற்குத் தெரியாது. வீட்டில் இழுத்துப் பார்க்க ஓர் ஆள் இருந்திருந்தால் அன்றே தெரிந்திருக்கும். இல்லை; தானே சுற்றி, தானே கேட்டு, தானே சரி என்று சொல்லிக்கொண்டு கொண்டுவந்துவிட்டார்.

பக்கத்தில் தம்பிதுரை அசையாமல், சத்தத்துக்குக் காத்துக்கொண்டு, கடலைப் பார்த்தபடி இருந்தார். கம்பு இன்னும் குனிந்தது.

"டிங்" என்றார் நஞ்சுண்டன்.

நாக்கை மேலண்ணத்தில் தட்டி, மூக்கில் கொஞ்சம் இழுத்து. முப்பது வருடம் நாளெல்லாம் காதில் விழுந்த சத்தம். அச்சு அசலாக வந்தது. "டிங். டிங்."

தம்பிதுரை பாய்ந்து கம்பைப் பிடித்தார். பிடித்த பிறகு அவருக்குக் கண் வேண்டியிருக்கவில்லை. விட்டுப் பிடித்து, விட்டுப் பிடித்து இழுத்தார். அவர் சுற்றச் சுற்ற நிஜ மணியும் அடித்தது. கல்மேல் ஒரு பாறை மீன் வந்து துள்ளியது. கையால் அதைத் தடவிப் பார்த்துவிட்டு, மூச்சு வாங்க உட்கார்ந்தார்.

"நல்ல ரீலுங்க" என்றார். கொஞ்சம் பொறுத்து, "மீனு இழுக்கறப்ப மட்டும் மணிக்குத் தொண்டை கட்டிக்குதாட்ட இருக்குதுங்க" என்றார்.

"உப்புக் காத்துங்க" என்றார் நஞ்சுண்டன்.

"ம்" என்றார் தம்பிதுரை.

 பூசம் முடிகிற வரைக்கும் தினமும் போனார்கள். நஞ்சுண்டன் கம்பு நுனியைவிட்டுக் கண்ணை எடுக்காமல் உட்கார்ந்திருந்தார். நுனி அசைந்தால் டிங். அசையாத நேரங்களில் கதை சொன்னார். ஒரு நாள் அலை ஏமாற்றியதில் டிங் சொல்லிவிட்டார். தம்பிதுரை சுற்றிப் பார்த்தால் ஒரு பழைய செருப்பு. "மணிக்குக் கண்ணாடி போடோணுமுங்க" என்றார் அவர்.

ஊருக்குக் கிளம்புகிற காலையில், ரீலை நல்ல தண்ணீர் தெளித்துத் துடைத்து, ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, தம்பிதுரையின் சாமான் பெட்டியில் வைக்கப் போனார் நஞ்சுண்டன். ஈயக்குண்டுகளுக்கும் கொக்கிகளுக்கும் அடியில் ஒரு காகித அட்டை தட்டுப்பட்டது. ஒட்டிய பிளாஸ்டிக் உறை. அதற்குள், கவ்வியோடு, புளியங்கொட்டை அளவில் இரட்டை மணி. உறை பிரிக்கப்படவே இல்லை. அட்டையின் ஓரம் மஞ்சள் பூத்திருந்தது. வாங்கி எத்தனையோ நாளாகியிருக்க வேண்டும்.

நஞ்சுண்டன் அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். வெளியே தம்பிதுரை இவருக்காகக் கருவாடு பொட்டலம் கட்டிக்கொண்டு, தடவித் தடவி நூல் சுற்றிக்கொண்டிருந்தார். இவர் அட்டையை இருந்த இடத்திலேயே, குண்டுகளுக்கு அடியில், வைத்து மூடினார்.

"சம்பந்தி, ரீலைப் பெட்டிக்குள்ள வெச்சுருக்கறேனுங்க."

"இங்க எதுக்குங்க?" என்று தம்பிதுரை திரும்பாமலே சொன்னார். "இந்தக் காத்துல கெடந்தா அரிச்சுப்போயிருமுங்க. உங்க ஊருல உப்பே இல்ல. நீங்களே வெச்சுக்குங்க. வாரப்பக் கொண்டாந்தாப் போச்சு."

அரிக்காத ரீல் என்று தேடிப் பிடித்து வாங்கியது அது. நஞ்சுண்டன் அதைப் பையில் வைத்துக்கொண்டார்.

சிங்காநல்லூர் வீட்டைத் திறந்தபோது, பூட்டி வைத்திருந்த காற்று முகத்தில் அடித்தது. ரீலைத் தொலைக்காட்சிப் பெட்டிமேல் வைத்தார். பாப்பாயி வந்து பார்த்துவிட்டு, "இதென்னுங்க, கரிச்சட்டி?" என்றாள். தூத்துக்குடிக் கடலுக்கு முந்நூற்றைம்பது கிலோமீட்டர் தள்ளி, உப்புத் தண்ணீர் ரீல் ஒன்று வெள்ளிதோறும் எண்ணெய் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. இரவில் சில நாள் எழுந்து கைப்பிடியைச் சுற்றுவார். அடிக்கும். சுற்றினால் அடிக்கும்.

ஞாயிற்றுக்கிழமை போன் வந்தது.

"லோகா பேசுச்சுங்களா?"

"பேசுச்சுங்க."

"நேத்துப் பொழுதோட கடலுக்குப் போனேனுங்க, பழைய கம்பை எடுத்துட்டு" என்றார் தம்பிதுரை. அவர் இப்படிக் கதை ஆரம்பித்து இவர் கேட்டதில்லை. "திமிங்கலங்க சம்பந்தி. நம்ம கல்லுப் பக்கத்துல. தலையைத் தூக்கிப் பாத்துது. உங்களைத்தான் கேட்டுது. மணிக்காரரு வல்லீங்களான்னுச்சு. பங்குனில வருவாருங்கன்னேன். சரிங்கன்னுபோட்டு முழுகிருச்சு."

கண் தெரியாதவர் திமிங்கிலத்தைப் பார்த்தது எப்படி என்று பாப்பாயியாக இருந்தால் கேட்டிருப்பாள். கம்பியில் இரைச்சல் ஓடிக்கொண்டிருந்தது. அந்தப் பக்கத்தில் ஒருவர் காதை வைத்துக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஒரு சத்தத்துக்குக் காத்திருப்பது நஞ்சுண்டனுக்குக் கேட்டது.

"ம்" என்றார்.

சரியான இடத்தில்தான் போட்டார். போன் வைத்த பிறகும் வெகுநேரம் அந்தக் கறுப்பு ரீலைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பங்குனி வர இன்னும் நாள் கிடந்தது.